தலைக்கட்டு

ஒருக்களித்துக் கிடந்த கணவரின் பின்மண்டையில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை அவள் வைத்தபோது, அவருடைய அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னிக்கோ நாளைக்கோன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. இனிமேலும் எதுக்கும்மா அவனைப் போட்டுப் படுத்துற?”

“பழைய கட்டு ஒட்டிக்கிட்டிருக்கு மாமா. ஊறினாத்தான் வலிக்காம வரும்.” அவள் கை நிற்கவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் கணவருடைய தொழில். நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய புதிதில் தலையில் பரு மாதிரி கிளம்பியபோது, “ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்காங்க, பாத்து ஓட்டு” என்று தலை துவட்டியவளைச் சிரிக்கவைத்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்து, முடிவேர்களில் கிருமி தொற்றியிருந்தது. மாத்திரையில் அடங்கிப்போனது.

அடுத்த முறை வந்தவை சிவந்து, கெட்டியாக, வலியே இல்லாமல் இருந்தன. அதே மாத்திரைக்கு அசையவில்லை. டாக்டர் ஒன்றிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார். நோயேதான் தோலுக்கு வந்திருந்தது. வெட்டி எறிந்துவிடக் கூடாதா என்று அண்ணன் கேட்டார். உள்ளே இருப்பதில் கொஞ்சம்தான் வெளியே தெரிகிறது, வெட்டினால் தீராது என்றார் டாக்டர். கதிர்வீச்சு கொடுத்ததில் கட்டிகள் வற்றின. கொஞ்சகாலம் வேலைக்குக்கூடப் போய்வந்தார். பிறகு மறுபடி கிளம்பி, இந்த முறை புண்ணாக உடைந்தன.

புது மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்றார்கள். போதும் என்று முடிவெடுத்தது அவர்தான். வீட்டுக்கு வந்த அன்று மனைவியிடம் சொன்னார்: “என் பக்கத்துல வர்றவங்க மூக்கைப் பொத்தக் கூடாது. அதை மட்டும் பாத்துக்க.”

அன்றிலிருந்து அவள் வேறு யாரையும் கட்டு மாற்ற விடவில்லை. ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கவும், வாடை வராமலிருக்கக் களிம்பு தடவவும் நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். வந்தவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள்.

கட்டு தோலை இழுக்காமல் கழன்று வந்தது. களிம்பு தடவிப் புதுத் துணியை வைத்தாள். அப்போதுதான் மூச்சு மாறியது. அடுத்தது வர வெகுநேரம் ஆனது. அவர் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். அதற்கடுத்தது வரவில்லை.

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“விட்டுடும்மா. போயிட்டான்.”

“தெரியுது மாமா. ஆளுங்க வருவாங்க.”

கட்டுத்துணிச் சுருளை எடுத்தாள். நேற்றுவரை அவரே கழுத்தை நிமிர்த்திக் கொடுப்பார். இப்போது தலை கனத்தது. ஒரு கையால் தூக்கி மறுகையால் சுற்ற முடியவில்லை.

“கொஞ்சம் பிடிங்க.”

புண் உடைந்த நாளிலிருந்து தம்பியைத் தொடாதவர் உள்ளே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பிடரிக்கு அடியில் கொடுத்தார்.

முதல் சுற்றில் துணி முறுக்கிக்கொண்டது. அவள் பிரித்து நேராக்கினாள்.

“இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா.”

தூக்கினார்.