கடுகளவு முடிச்சும் பதினாலு வயசுக் கேமராவும்

"என் தையல் எங்கடி போச்சு? எட்டு மாசம் கண்ணு வலிக்க வலிக்கப் போட்ட முடிச்சு! மொத்தத்தையும் துடைச்சு வச்சிருக்கியே!"

தையலக்கா ஸ்டூடியோவுக்குள் போட்ட சத்தத்தில், தெருவில் போனவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டே காது கொடுத்தார்கள்.

"நான் துடைக்கலக்கா, சாஃப்ட்வேர் துடைச்சிருச்சு," என்றாள் படக்காரி.

"அப்ப படத்தையும் அதையே எடுக்கச் சொல்லியிருக்கலாமே. நீ எதுக்கு?"

நடந்தது இதுதான். தையலக்காவின் மகளுக்கு ஃப்ளாஷ் மின்னினால் போதும், கண் மூடிக்கொள்ளும். அதனால் கல்யாண ஹாலின் மங்கிய வெளிச்சத்தில், கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, உச்சத்துக்கு ஏற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கேமராவுக்கு வயசு பதினாலு. வெயிலில் தங்கமான பிள்ளை. வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க மணலைத் தூவி வைக்கும். அந்தப் புள்ளிகளுக்குத் தொழிலில் நாய்ஸ் என்று பேர். அதை நீக்கும் சாஃப்ட்வேரில் படக்காரி அவசரப்பட்டு ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிட்டாள். மகளின் கருநீலக் கல்யாண உடையில் தையலக்கா கையால் போட்ட வெள்ளை முடிச்சு ஒவ்வொன்றும் கடுகளவு. எது புள்ளி, எது முடிச்சு என்று சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்? வழித்து எடுத்துவிட்டது. மணப்பெண் மழைக்கோட்டு மாட்டியவள் போல நின்றாள்.

சத்தம் கேட்டு வந்தார் அத்தான், படக்காரியின் அக்கா புருஷன். கழுத்தில் புதுக் கேமரா. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது தெருவின் சந்தேகம்.

"அந்த டப்பாவை இன்னுமா கட்டிக்கிட்டு அழற, மச்சினி? வெள்ளிக்கிழமை பொண்ணு புருஷன் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள நானே எடுத்துக் குடுத்துடறேன்."

படக்காரிக்குச் சுருக்கென்றது. தையலக்காவின் கடைக் கண்ணாடிக்குள் மாட்டப்போகும் ஆளுயரப் படம் அது. அதை அத்தான் எடுத்தால் அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போவது?

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்கக்கா."

மூலப் படத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். பச்சையும் சிவப்புமாய்த் தெறித்திருந்த புள்ளிகளை மட்டும் முதலில் எடுத்தாள். பின்சுவருக்குக் கொஞ்சம் அழுத்தம், முகத்துக்குப் பட்டும் படாமலும். உடையைச் சுற்றி மவுஸால் கோடு போட்டு, அதற்குள் சாஃப்ட்வேரை எட்டிக்கூடப் பார்க்கவிடவில்லை. முடிச்சுகளுக்கு நடுவே லேசாக மணல் மிஞ்சியது. மிஞ்சட்டும், துணி என்றால் சொரசொரப்பு இல்லாமலா?

மறுநாள் தையலக்கா மூக்குக் கண்ணாடியோடு வந்து, பிரிண்ட்டில் விரல் வைத்து எண்ணவே ஆரம்பித்துவிட்டார். இடது கைப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு கோணலா விழுந்துச்சு. அதுகூட இருக்குதே!"

"அதை மட்டும் எடுத்துடவாக்கா?"

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்!"

அத்தான் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். "எப்போ புதுக் கேமரா வாங்குன?"

"அதே டப்பாதான் அத்தான்," என்றாள் படக்காரி. தெருக்கோடி வரை கேட்கும்படிதான் சொன்னாள்.

இன்றைக்கும் முடிச்சு நிஜந்தானோ என்று கடைக் கண்ணாடியைத் தடவிப் பார்க்காமல் யாரும் போவதில்லை. கைரேகையைத் துடைத்துத் துடைத்து அலுத்துக்கொள்ளும் தையலக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அலுப்பா அது?

மகள் வெள்ளிக்கிழமையே புருஷனோடு போய்விட்டாள். அத்தான் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய் வீட்டுத் தரகு பார்க்கிறாராம். கேமரா இன்னும் கழுத்தில்தான். அந்த ஆளுயரப் படம் ஒன்றுக்கே நாலு தடவை அளவெடுக்க வந்த ஃப்ரேம்காரரைப் படக்காரி ஆறு மாசத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் கல்யாணப் படத்தை அதே கேமராவில் எடுத்தது தையலக்கா. படம் முழுக்க மணல். ஒரு புள்ளியைக்கூடப் படக்காரி எடுக்கவில்லை.