நூல் கட்டிய ஒயர்கள்

கோளாறு கார்புரேட்டரில் இல்லை. இதை நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் மெக்கானிக் ரகுபதி அண்ணன் கார்புரேட்டரைத்தான் கழற்றினார்.

ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது காஜா மொய்தீன் பாயின் ஷெட். கார், வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி சௌக்கத் அலி சாயபுவுடையது. முப்பத்தேழில் கப்பலில் வந்து இறங்கிய இங்கிலீஷ் வண்டி. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கிடங்கிலேயே நின்றது. உப்புக் காற்று எஞ்சினைத் தின்றுவிட்டது. பாய் அதைத் தட்டி, ஒட்டி, கருநீல பெயிண்ட் அடித்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். எஞ்சினுக்குத்தான் வழியில்லை. மிலிட்டரிக்காரர்கள் கழித்துக்கட்டிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன் எஞ்சினை இதில் இறக்கினார்கள்.

ஜீப்போடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். பவுனம்மாள், பி.எஸ்சி., பௌதிகம். மீன் விற்கிற செல்லம்மாவின் மகள். காலேஜில் என் பேரைக் கேட்டு முதல் வருஷம் சிரித்தார்கள். மார்க் வந்த பிறகு சிரிக்கவில்லை.

படித்து முடித்தால் டீச்சர் வேலை. ஊரே முடிவு பண்ணி வைத்திருந்தது. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டரும் வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போக அம்மா வெள்ளைப் புடவை எடுத்துவிட்டாள். எனக்கு வேண்டியது இந்த ஷெட். பாயிடம் நேராகவே கேட்டேன்.

"ட்யூனிங் வேலை எனக்குக் குடுங்க பாய். சம்பளத்துக்கு."

பாய் தாடியைத் தடவினார். "சாயபு ஞாயித்துக்கெழம வராரு. அஞ்சு பேரை ஏத்திகினு, டாப் கியர்லயே ரயிலுக்கு மேல போற பாலத்தைத் தாண்டணும்னு சொல்லிக்கீறாரு. நீ அத்தத் தாண்ட வெச்சிட்டா வேல உன்னுது. இல்லாங்காட்டி பேசாம பள்ளிக்கொடத்துக்குப் போ."

சனிக்கிழமை வெள்ளோட்டம். ஷெட்டில் நிற்கும்போது எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. பாலத்தில் பாதி ஏறியதும் இருமியது, விக்கியது, அப்படியே நின்றது. ரகுபதி அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை மாற்றினார். டைமிங்கை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். நாலு பிளக்கையும் புதிதாகப் போட்டார். மறுபடி பாலம், மறுபடி இருமல். தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம்.

"பொம்பள கால் வெச்ச நேரம்," என்றார் அண்ணன், என் காதில் விழட்டும் என்று.

"பொம்பள கால்தான் வெச்சேன். நீங்க கையே வெச்சீங்க. அப்பவும் ஏறல."

"இன்னாமே, வாய் நீளுது?"

"படிச்ச வாய். நீளும்."

பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் கார்களைப் பார்த்த கை அவருடையது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜீப்பிலிருந்து எஞ்சினைக் கழற்றும்போது ஒவ்வொரு ஒயருக்கும், அது உட்கார்ந்த முனைக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டி வைத்தார். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. இதில் மாட்டும்போது ஒரு நூல்கூட இடம் மாறவில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்து நானே வியந்தேன். ராத்திரி புத்தகத்தை மறுபடி எடுத்தபோதுதான் உறைத்தது: கோளாறே அந்த ஒழுங்குதான்.

ஞாயிறு காலை சாயபு வருவதற்கு முன்பே பென்சிலோடு போய் நின்றேன்.

"எஞ்சினை ஓட விடுங்கண்ணா."

ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, காய்ந்த துணி சுற்றிய இடுக்கியால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். நடுவில் பென்சில் முனையை நீட்டினேன்.

"இன்னா, காருக்கு மை வெக்கிறியா?"

"பொறியப் பாருங்க. பென்சில் முனையத் தாண்டறப்போ ஒரு பக்கம் ஆரஞ்சா பூக்குது இல்ல? அது பிளக் பக்கம் பூக்கணும். இங்க ஒயர் பக்கம் பூக்குது. பொறி தலைகீழாப் போவுது."

அவர் குனிந்து பார்த்தார். பூத்தது தெரிந்தது.

"இங்கிலீஷ் வண்டிங்கள்ல பேட்டரி ப்ளஸ்ஸ பாடியில மாட்டுவீங்க. இதுலயும் அப்டித்தான் மாட்டிக்கீறீங்க. அது சரி. ஜீப்புல மைனஸ்தான் பாடியில. ஜீப்புல இருந்தாப்லயே காயில் ஒயரையும் மாட்டினா பொறி தலைகீழாத்தானே போவும்?"

பொறியை உண்டாக்கும் காயிலில் இரண்டே சின்ன ஒயர். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, இடம் மாற்றி முடுக்கினேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. எஞ்சினை ஓட விட்டுப் பென்சிலை மறுபடி நீட்டினேன். பிளக் பக்கம் பூத்தது.

"சும்மா நிக்கிறப்போ நல்லாத்தானே ஓடிச்சி?" என்றார் பாய்.

"பாரம் ஏறினா உள்ள அழுத்தம் ஏறும் பாய். நோஞ்சான் பொறி அங்கதான் செத்துப்போவும்."

சாயபு வந்தார். அத்தர் வாசனை, சரிகைத் தொப்பி. "குடும்பத்தோட எண்ணூர் போறதுக்கு வாங்கின வண்டி, மொய்தீன். பாலத்துல எறங்கித் தள்ளுறதுக்கு இல்ல."

அண்ணன் ஓட்ட, சாயபு பக்கத்தில். பின்னால் பாயும் நானும். ஒரு ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் கூடையோடு அம்மா வந்து நின்றாள்.

"ஏ பவுனு! ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கணும்னு தையக்காரன் குந்திகினுகீறான், நீ இங்க கரியப் பூசிகினு நிக்கிறே?"

"ஏறும்மா வண்டில."

"ஐயோ, மீன் கூடை!" என்றார் சாயபு.

"அஞ்சு பேருன்னு நீங்கதான சொன்னீங்க சாயபு," என்றேன். "கூடை பாரத்துக்கு ஆவும்."

அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பாலத்தடிக்கு வரும்போதே அண்ணன் டாப்புக்குப் போட்டுவிட்டார். கியர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. நேற்று நின்ற இடம் வந்தது. நான் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு சிலிண்டரும் எண்ணினாற்போல அடித்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. கீழே ஒரு கூட்ஸ் வண்டி போனது. அதன் புகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தபோது வண்டி இறக்கத்தில் இருந்தது.

"ஏறிடிச்சா?" என்றாள் அம்மா.

"தாண்டிடிச்சிம்மா."

"இதுக்கா இம்மாம் பேஜாரு பண்ணே?"

சாயபு கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துச் சிரித்தார். "திரும்பி இன்னொரு தபா ஏத்துப்பா. கூடையோடயே ஏத்து."

மறுபடியும் ஏறியது. சந்தேகமே இல்லை எனக்கு.

ஷெட்டுக்கு வந்ததும் அண்ணன் பானெட்டைத் திறந்தார். காயில் முனைகளில் கட்டியிருந்த நூல்களைப் பல்லால் கடித்து அறுத்தார். சிவப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பு. புது நூலாக எடுத்துக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"அடுத்தவாட்டி எவனாச்சும் கழட்டினா தெரியணும் இல்ல," என்றார். என்னைப் பார்க்கவில்லை. பென்சிலை மட்டும் வாங்கித் தன் காதில் சொருகிக்கொண்டார்.

"திங்கக்கெழம எட்டு மணி," என்றார் பாய் என்னிடம். "லேட்டா வந்தா சம்பளத்துல பிடிப்பேன்."

"திங்கக்கெழம அவ பள்ளிக்கொடம் போறா," என்றாள் அம்மா.

"போகலம்மா. இன்னிக்கே லெட்டர் எழுதிப் போட்டுடுவேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். முழங்கை வரை இருந்த கிரீஸைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

"வெள்ளப் பொடவய நான் கட்டிக்கிறேன்," என்று கூடையைத் தலையில் ஏற்றினாள். "உனக்குப் பழசுல ரெண்டு எடுத்து வெக்கிறேன். கறுப்பா இருக்கிறதா பாத்து."