ஜாஸ்ட்ரோவின் முதல் பீப்பாய்

ஆர்லன் ஜாஸ்ட்ரோ தன் முதல் பீப்பாய் பீருக்கு கேஸ் ஏற்றிய சனிக்கிழமை, ஆல்டர் ஏரி முழுவதற்கும் கேஸ் ஏறியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடபகுதியில், பிப்ரவரியில் ஏரிப் பனி இரண்டு அடிக்குக் குறையாது. அதன்மேல் லாரி ஓட்டுவார்கள், குடில் போட்டுக் குடியிருப்பார்கள். அன்று மதியத்துக்குமேல் படகுத்துறைப் பக்கம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், பனியில் துளைத்த ஓட்டைகளிலிருந்து வெள்ளை நுரை பொங்கித் தங்கள் பூட்ஸை நனைப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, சோடா மாதிரி நாக்கில் குத்துகிறது என்றார். மீன்கள் ஓட்டை வழியே தாமாகவே எழும்பி வந்து, கிறங்கிப்போய்ப் பனிமேல் கிடந்தன. சும்மா வந்த மீனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆர்லன் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில், பாட்டில்களில் சர்க்கரையை அள்ளிப் போட்டு மூடிவிட்டதால், துணி அலமாரிக்குள் வைத்திருந்தவை ஒவ்வொன்றாக வெடித்தன. அவன் மனைவி லவோனின் குளிர்காலக் கோட்டிலிருந்து ஈஸ்ட் வாடை போகவே இல்லை. இனி இந்த வீட்டில் கண்ணாடிப் பாட்டிலில் பீர் அடைத்தால் தான் இருக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் அவன் சோடா கம்பெனி கழித்துப் போட்ட எஃகுப் பீப்பாய் ஒன்றும், சோடாவுக்கு ஏற்றும் கேஸ் சிலிண்டர் ஒன்றும், அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த ரெகுலேட்டர் ஒன்றும் வாங்கினான். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை அடித்ததால், ஏரிப் பனியில் யாரோ துளைத்துவிட்டுப் போன ஓட்டையில் தண்ணீர் மொண்டு வந்து காய்ச்சினான்.

இதில் மற்றொரு விஷயமும் உண்டு. அந்த ஏரியின் நடுவில், ஆரஞ்சு வண்ணம் அடித்த ஒரு மீன்பிடிக் குடிலில், ஆர்லனின் தம்பி டுவெயின் டிசம்பர் முதல் மார்ச் வரை இருப்பான். அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடம் ஆகிறது. தாயாரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் காகிதத்தில் ஆர்லன் தனியாகக் கையெழுத்துப் போட்டான். டுவெயினுக்குத் தெரிந்தபோது அவள் அங்கே போய் இரண்டு வாரமாகி, இறந்தும் போயிருந்தாள். அடக்கத்தின்போது தம்பி கல்லறைக்கு அந்தப் பக்கமாக நின்றான். பிறகு அந்தப் பக்கமாகவே நின்றுவிட்டான். ஆர்லன் தன் வண்டியில் பனி தள்ளிக்கொண்டு போகும்போது டுவெயினின் வீட்டு வாசலையும் சுத்தமாகத் தள்ளிவிட்டுத்தான் போவான். ஆனால் வண்டியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

பீப்பாயில் கேஸ் ஏற்ற நிதானமான வழி ஒன்று உண்டு. பழைய குளிர்பதனப் பெட்டியில் பீப்பாயை வைத்து, முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி, இரண்டு வாரம் மறந்துவிட வேண்டும். ஆர்லனால் நான்கு நாள்தான் மறக்க முடிந்தது. ஊற்றிப் பார்த்தால் ஆறிப்போன தேநீர் போல இருந்தது. மறுநாள் பனித் திருவிழாவில் வீட்டு பீர்ப் போட்டி. தூண்டில் புழு விற்கும் கடைக்காரனும் தீயணைப்புத் தொண்டர்களின் தலைவனுமான மெர்ல் குபியாக் ஊரார் முன்னால் ஏற்கெனவே கேட்டிருந்தான்: “உன் பீரைக் குடிக்க ஹெல்மெட் போட்டுட்டு வரணுமா ஆர்லன், இல்ல சும்மா வரலாமா?” அவசரக்காரர்களுக்கு என்று வேறொரு வழி இருக்கிறது. முள்ளை முப்பதுக்கு ஏற்றிவிட்டு, பீப்பாயைத் தரையில் கிடத்திக் காலால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். லவோன் ஒவ்வொரு சனிக்கிழமையும்போல அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆர்லன் நிலவறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தான். பீப்பாய் தாகமெடுத்த மாடு தண்ணீர் குடிப்பதுபோல மடக் மடக்கென்று கேஸைக் குடித்தது. நாலு நிமிடத்தில் அடங்க வேண்டிய சத்தம் ஒரு மணி நேரமாகியும் அடங்கவில்லை. சிலிண்டரும் கனம் குறையவில்லை. முதல் தடவை என்பதால், எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஏரியில் அந்நேரம் பனி மூச்சு விடத் தொடங்கியிருந்தது. ஒரு முழம் எழும்பும், பிறகு இறங்கும். துறைப் பக்கம் இருந்தவர்கள் மீனை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். டுவெயினின் குடிலைச் சுற்றி, வட்டம் போட்டு அறுத்தாற்போலப் பனி விரிசல் விட்டது. விரிசல் அகன்று வாய்க்கால் ஆனது. வாய்க்கால் முழுக்க நுரை. குடில் ஒரு சர்ச் முற்றம் அளவுள்ள பனித்துண்டில் தனியாக நின்றது. மெர்ல் குபியாக் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அலுமினியப் படகை வாய்க்காலில் தள்ளி ஏறினான். படகு சாயவில்லை, தண்ணீர் உள்ளே வரவும் இல்லை. கல்லைப் போட்டதுபோல நேராக உள்ளே போய்விட்டது. அவ்வளவு கேஸ் கலந்த தண்ணீரில் தாங்கும் சத்து இல்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் மெர்லை வெளியே இழுத்தபோது அவன் தாடியெல்லாம் வெண்ணுரை. நகரத்திலிருந்து ஹெலிகாப்டர் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பனித்துண்டின் ஓரங்கள் அதற்குள்ளேயே உதிரத் தொடங்கியிருந்தன.

ஆர்லனின் தொலைபேசி அடித்தது. லவோன்தான். அவன் காலால் உருட்டிக்கொண்டே எடுத்தான்.

“ஆர்லன், நான் அக்கா வீட்ல இல்ல. ஏரில இருக்கேன். டுவெயினோட குடில்ல.”

“அங்க உனக்கு என்ன வேல?”

“சாப்பாடு கொண்டாந்தேன். சனிக்கிழமதோறும் கொண்டாறேன். திட்டறதுன்னா அப்புறம் திட்டு. சுத்திப் பனி உடைஞ்சுபோச்சு. ஊஞ்சல் மாதிரி ஆடுது.” அவள் குரல் நின்றது. “அது என்ன சத்தம் அங்க, கடகடன்னு?”

“பீப்பாய உருட்டறேன்.”

“நிறுத்து.”

அவன் காலை எடுத்தான். அந்தப் பக்கம் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஆட்டம் நின்னுபோச்சு ஆர்லன். இப்ப ஒரே ஒரு தடவ உருட்டு. மெதுவா.” அவன் கட்டைவிரலால் தொட்டதுபோல அசைத்தான். தொலைபேசிக்குள் இடி இறங்கியதுபோல் ஒரு சத்தமும், பாத்திரங்கள் விழும் சத்தமும் கேட்டன. அதற்குமேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், எது எதனால் ஆகிறது என்று நின்று வாதாடுகிற வயதைத் தாண்டியிருந்தார்கள்.

அவன் சிலிண்டரை மூடினான். ஆனால் உள்ளே போன கேஸ் உள்ளேயே இருந்தது. பீப்பாய் மூடியில் ஒரு வளையம் உண்டு, இழுத்தால் அழுத்தம் வெளியேறும். பதற்றத்தில் அதை முழுசாக இழுத்துவிட்டான். நுரை கூரைவரை பீய்ச்சியடித்தது. ஏரியில் வாய்க்கால் முழுவதும் மர உயரத்துக்குக் கொதித்து எழும்பியது. பனித்துண்டில் கால்வாசி பிய்ந்து, லவோன் ஓட்டி வந்த பனி ஸ்கூட்டரோடு உள்ளே போயிற்று. அவளுடைய அலறலைக் கேட்டு வளையத்தை விட்டான். தொலைபேசியை வேறு யாரோ வாங்கினார்கள்.

“மடையா,” என்றது அந்தக் குரல். “மொத்தமாவா விடுவ?”

தம்பியின் குரல் அப்பாவின் குரலாக மாறிப்போயிருந்தது ஆர்லனுக்குத் தெரியாது. 

“டுவெயின்.”

“என்ன அழுத்தம் காட்டுது முள்ளு?”

“இருபத்தெட்டு. ஏறிட்டே போவுது.”

“எங்க வச்சிருக்க அத?”

“நிலவறைல. கொதிகலன் பக்கத்துல.”

“சூட்டுல வச்சா கேஸ் வெளிய வரத்தான் பாக்கும். குளிர்ல கொண்டுபோய் வை. உருட்டாத. தூக்கு. கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கு.”

ஆர்லனுக்கு முதுகுத் தண்டில் பழைய வலி ஒன்று உண்டு. அதைப் பற்றி அவன் அப்போது நினைக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, ரெகுலேட்டரோடு பீப்பாயை மார்போடு அணைத்துக்கொண்டு நிலவறைப் படிகளில் ஏறினான். ஒவ்வொரு படியிலும் கால் வைக்குமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பின்வாசல் பனிக் குவியலில் குழி பறித்து அதை இறக்கி, கழுத்துவரை பனியை அள்ளிப் போட்டான். முள் மெல்ல இறங்கியது. ஏரியிலும் நுரை கொஞ்சம் அடங்கியது. ஆனால் படகு தாங்கும் அளவுக்கு இல்லை. அடிவானத்தில் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. துண்டு உடைந்துகொண்டே வந்ததால் லவோனும் டுவெயினும் குடிலை விட்டு வெளியேறி நடுவில் நின்றார்கள். கடைசியில் ஆரஞ்சுக் குடில் கதவோடும் அடுப்போடும் சரிந்து, சத்தமில்லாமல் நுரைக்குள் இறங்கியது. அதில் டுவெயினின் எல்லாத் தூண்டில்களும் இருந்தன. 

“இப்ப விடு,” என்றான் டுவெயின் தொலைபேசியில். “கொஞ்சம். போதும்.”

கையுறை போட்டால் வளையம் பிடிபடவில்லை. ஆர்லன் வெறும் விரலால் பிடித்தான். உறைந்த எஃகு தோலைக் கவ்விக்கொண்டது. தம்பி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நுரை பொங்கினால் போதும் என்பான், அடங்கினால் விடு என்பான். ஒரு சீறல், ஒரு காத்திருப்பு, மறுபடி ஒரு சீறல். லவோன் டுவெயினின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  ஒரு காத்திருப்பின் நடுவே டுவெயின் கேட்டான்.

“அம்மாவ அங்க சேத்தப்ப எனக்கு ஏன் சொல்லல?”

ஆர்லன் வளையத்தைப் பார்த்தபடி இருந்தான். “சொல்லியிருந்தா நீ வந்து தூக்கிட்டுப் போயிருப்ப.”

“ஆமா. போயிருப்பேன்.”

“ராத்திரில அடுப்பப் பத்த வச்சிட்டு வெளிய போயிடுவாங்க. நீ அப்ப ரெண்டு ஷிப்ட் வேலைக்குப் போயிட்டிருந்த. யாரு பாத்துக்கறது?”

“அத என்கிட்ட கேட்டிருக்கணும்ல? விடு. இப்ப விடு. போதும்.” வளையம் சீறி அடங்கியது. “என்னக் கேட்டாங்களா?”

“தெனமும் கேட்டாங்க. அப்புறம் என்னையே உன் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. டுவெயின் வந்துட்டியான்னு கேப்பாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“வந்துட்டேம்மான்னு சொன்னேன்.”

மறுபுறம் எந்தச் சத்தமும் இல்லை. ஆர்லன் விரலின் தோல் கிழிவதை உணர்ந்தான், ஆனால் வளையத்தை விடவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ, பனி அறுந்துவிட்டதோ என்று தெரியாமல், பேர் சொல்லிக் கூப்பிடப் பயந்து, பனியில் மண்டியிட்டபடி இருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இருந்ததில்லை. பிறகு தம்பியின் குரல் கரகரத்து வந்தது. “விடு. இன்னும் கொஞ்சம். நல்லா வருது, அப்படியே விடு.”

முள் பூஜ்யத்தைத் தொட்டபோது மரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வாய்க்கால் கறுத்து, சாதாரணத் தண்ணீராக அசையாமல் கிடந்தது. மெர்ல் குபியாக் இரண்டாவது படகை இறக்கி, முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தான். தாங்கியது. படகில் ஏறியபோது அவர்கள் நின்ற பனித்துண்டு ஒரு கட்டில் அகலம்கூட இல்லை என்று மெர்ல் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஹெலிகாப்டர் வந்து, வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஆர்லன் வீட்டுப் பின்வாசலில் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்றான். டுவெயினோடு வந்து சேர்ந்த லவோன் அவன் கையைப் பார்த்தாள். உள்ளே போய் மூன்று கோப்பைகள் எடுத்து வந்தாள். பீர் நுரைக்கவே இல்லை. டுவெயின் ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

“கேஸே இல்ல,” என்றான்.

“இல்லதான்.”

“ஊத்து.”

மறுநாள் போட்டியில் அந்த பீருக்குக் கடைசி இடம். நடுவர்கள் நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்று ஆர்லனே ஒப்புக்கொண்டான். மாநில அரசிலிருந்து ஆட்கள் வந்து ஏரித் தண்ணீரைக் குப்பிகளில் எடுத்துப் போனார்கள். குடிக்கத் தகுந்தது, சற்றுப் புளிப்பு என்று பதில் வந்தது. அந்த வசந்தத்தில் ஆர்லன் கடையில் வாங்கிய தண்ணீரில் காய்ச்சிப் பார்த்தான். அப்போதும் ஏரி நுரைத்தது. பீப்பாயையும் ரெகுலேட்டரையும் மாற்றிப் பார்த்தான், அப்போதும் அப்படியே. ஊர்க்கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. சாலைக் குழிகளை அடைப்பது பற்றி நடந்த விவாதம்தான் அதைவிட நீளம். பனி இருக்கும் மாதங்களில் ஜாஸ்ட்ரோ வீட்டில் கேஸ் திறக்கக் கூடாது, மே முதல் திறக்கலாம், முள் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. ஆர்லன் அதை மீறியதில்லை. முள்ளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டுவெயினுடையது. லவோன் சனிக்கிழமைச் சாப்பாட்டை இப்போது மூன்று பேருக்குச் சமைக்கிறாள். வெளியூர்க்காரர்கள் கோடையில் வந்து நீந்தும்போது முதுகெல்லாம் ஏன் கூசுகிறது என்று கேட்டால், ஜாஸ்ட்ரோ வீட்டில் பீர் தயாராகிறது, இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும் என்று துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். மீன் பிடிப்பவர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு வைத்து, நுரை அடங்கும்வரை வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மீனைப் போடுகிறார்கள்.