பழைய பதிப்பின் பக்கம்

துவாக்குடி ஷெட் ஒன்றில் தகடு வளைக்கும் உருளை இளவரசனின் வலது கையை இழுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அவன் மனைவி ஜோதி தென்னூர் ஆபீசுக்கு வந்தாள். மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அந்த மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர் இந்த ஆபீஸினுடையது. அதற்கான கையேடு யமுனாவின் பொறுப்பு. சின்ன ஷெட்டுகளில் பழைய கம்ப்யூட்டர், பழைய பதிப்புதான் ஓடும். கையேட்டுப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டால் பிறகு யாரும் இணையத்தில் பார்ப்பதில்லை.

"ஸ்டாப்பை அமுக்கிட்டுத்தான் கையை விட்டாரு. அமுக்கினாலும் சுத்தும்னு இதுல எங்கங்க போட்டிருக்கு?"

"மெஷின்ல கை விடக்கூடாதுன்னு தாள்ல வேற சொல்லணுமாம்மா?" என்றார் ஆபீஸ் முதலாளி ரெங்கராஜ்.

"அப்ப அந்த ஸ்டாப்புக்கு எதுக்கு சார் செவப்பு பெயிண்ட்? பொட்டு வச்சு அழகு பாக்கவா?"

யமுனா தாளை வாங்கிப் பார்த்தாள். ஸ்டாப்பை அமுக்கினாலும் உருளை கொஞ்ச நேரம் சுற்றும் என்று அவள் எழுதிய எச்சரிக்கை அதில் இல்லை.

சித்திரையில் கையேட்டின் எச்சரிக்கைப் பெட்டிகளைப் புது முறைக்கு மாற்றியிருந்தாள். பழைய பதிப்புக்குப் பக்கங்களை உருவாக்கித் தரும் பழைய லைப்ரரி என்ற துணை நிரலுக்கு அந்த முறை தெரியவில்லை. பிழை காட்டி நின்றுவிட்டது. "தெரியாததை விட்டுட்டு ஓடச் சொல்லும்மா. பழசுக்கு யாரு உக்காந்து அழறது" என்றார் ரெங்கராஜ். அப்படியே செய்தாள். ஓடி முடிந்தது. பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஷெட்டில் பிரிண்ட் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

ஜோதி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதும் ரெங்கராஜ் சொன்னார்: "லேபர் ஆபீஸ்லேர்ந்து வராங்க. பழைய பக்கத்துல அந்தப் பெட்டியை வச்சிரு. தேதி பழைய தேதியாவே இருக்கட்டும்."

"அந்தம்மா கையில தாளு இருக்கே சார்."

"சுவத்துலேர்ந்து அவங்களே கிழிச்சுட்டாங்க. எங்க இருந்த தாளுன்னு யாரு சொல்லப் போறா?"

லைப்ரரி பழசாக இருந்தால் பழைய பெட்டி, புதுசாக இருந்தால் புதுப் பெட்டி. நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். சித்திரையிலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

தேதி மட்டும் பாக்கி. பழைய தேதி போட்டால் படித்தும் கையை விட்டான் என்று இளவரசன் தலையில் விழும். அவள் அப்பா அரியமங்கலத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இடுப்பு ஒடிந்தபோது, தூக்கிய விதம் தப்பு என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

யமுனா அன்றைய தேதியைப் போட்டாள். 'இந்த எச்சரிக்கை முந்தைய பக்கத்தில் விடுபட்டிருந்தது' என்று கீழே ஒரு வரி சேர்த்து வெளியிட்டாள். ஒரு பிரதி பிரிண்ட் எடுத்துக்கொண்டாள்.

ரெங்கராஜ் சத்தம் போடவில்லை. பழைய பதிப்பின் பக்கங்கள் மொத்தத்தையும் சாயங்காலத்துக்குள் தூக்கிவிட்டார். அந்த இணைய முகவரியில் 'இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை' என்பது மட்டும் இருந்தது. நாளை முதல் வர வேண்டாம் என்று யமுனாவிடம் சொன்னார்.

அவள் ஸ்ரீரங்கம் மேலூரில் இருந்த ஜோதியின் வீட்டுக்குப் போனாள். இளவரசன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பாதி தட்டுக்கு வெளியே கிடந்தது.

ஜோதி பிரிண்ட்டைப் படித்தாள். "லேபர் ஆபீஸ்ல நீங்க வந்து சொல்வீங்களா?"

"சொல்றேங்க."

"வேலை இருக்கா?"

"போயிடுச்சு."

இளவரசன் நிமிராமலே சொன்னான்: "அப்ப வேலையை விட்டுத் தூக்குன கடுப்புல சொல்றாங்கன்னுடுவான் உங்க முதலாளி."

ஜோதி சிந்திய சோற்றை வழித்துத் தட்டிலேயே போட்டாள்.