பதினோராவது கட்டம்

செங்கல் சூளையில் கல் சுமந்த பதினான்கு வருஷமும் வலிக்காத இடுப்பு, நாற்காலியில் உட்காரத் தொடங்கிய பிறகுதான் வலிக்கிறது. அன்றைக்குக் காலையிலேயே பிடித்துக்கொண்டது. எழுந்தால் ஒரு வலி, உட்கார்ந்தால் இன்னொரு வலி. வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் இருபதைத் தாண்டாத பெண்கள். வீட்டைவிட்டு வந்தவர்கள், வேலை போனவர்கள், யாரோ பிடித்துத் தள்ளியதில் இங்கே வந்து விழுந்தவர்கள். விடுதியில் படுக்கை, தையல் பயிற்சி, காய்ச்சலுக்கு டாக்டர் என்று எது வேண்டுமானாலும் முதலில் என் மேஜைக்கு வந்து படிவத்தின் பதினாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவதாக வந்தவள் சலவை ஆலையில் இஸ்திரி போடுகிறவள். பதினேழு வயது. வலது முன்கையில் சூடுபட்ட தழும்புகள், ஏணிப்படி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக. துணைக்கு அதே ஆலையில் துணி மடிக்கிற தோழி வந்திருந்தாள். ஆள் குள்ளம், வாய் நீளம். பெயர், வயது, படிப்பு வரைக்கும் சிக்கலில்லை. வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது என்று வந்ததும் இஸ்திரிக்காரியின் பதில்கள் சுருங்கிக்கொண்டே போயின.

“போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்கலக்கா,” என்றாள் குள்ளச்சி. “பேரு மட்டுந்தான் கேட்டாங்க. அப்புறம் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இஸ்திரிக்காரிக்கு வரவில்லை.

பதினோராவது கேள்வியைப் படித்தேன். வீட்டில் யாராவது அடித்தோ மிரட்டியோ தொடக்கூடாத விதத்தில் தொட்டோ இருக்கிறார்களா, வீட்டுக்குத் தகவல் தெரிவிக்கலாமா. படித்து முடிப்பதற்குள் காலடியில் இருந்த பை அவள் மடிக்கு வந்துவிட்டது.

“படுக்க எடந்தான கேட்டேன். இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

இதற்கொரு பதிலை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள். தங்களுக்குத் தகுந்த சேவையை வழங்கும் பொருட்டு. அதைச் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள். விடுதியில் அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு படுக்கை. இவள் போனால் அது அடுத்தவளுக்கு. இவள் போகிற இடமோ, எந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் வாய் மூடிக்கொண்டாளோ, அதே வீடு.

அவள் கோபம் எனக்குப் புதிதில்லை. சூளைக்கு ஒரு தடவை நோட்டும் கையுமாக ஒரு அம்மா வந்தார். எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, எத்தனை வேளை சாப்பிடுகிறாய், அப்பா குடிப்பாரா, அடிப்பாரா என்று கேட்டு எழுதிக்கொண்டார். மேஸ்திரி பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டான். அப்பாவும் கேட்டார். நோட்டு அம்மா திரும்பி வரவேயில்லை, அடிதான் வந்தது. அதனால் இந்த வேலைக்கு வந்ததும் யாரையும் குடைவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பெரிய கருணை என்று நினைப்பு.

“உக்காரும்மா,” என்றேன். “அச்சடிச்சத விடு. இங்க நடந்ததச் சொல்றேன்.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். போன வருஷம் இதே நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், பதினாறு வயது, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பதினோராவது கேள்வியை நான் தொடங்கியதுமே அவளுக்கு உதடு துடித்தது. பாவம் என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவினேன். கட்டம் காலி என்றால் ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். வீட்டு விலாசத்துக்கு அலுவலகத்திலிருந்து தானாகக் கடிதம் போய்விடும். அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நினைவில் இல்லை. எட்டாம் நாள் அவள் சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எங்கள் கடிதம். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு நன்றி சொன்னார். எங்கள் முத்திரையைப் பார்த்து விடுதிக் காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் படியிறங்கினாள்.

குள்ளச்சியின் பார்வை மேஜையிலிருந்த காகிதத்துக்குப் போனது.

“யாருக்கு எங்க கதவத் தொறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறோம். உனக்குச் சொல்லப் பிடிக்கலையா, ‘சொல்ல விருப்பமில்லை’ன்னு எழுது, போதும். லெட்டர் போகாது. காலியா மட்டும் விடாத.”

“யாரு படிப்பாங்க?”

“நானும் மேனேஜரும். அப்புறம் அந்த பீரோல வச்சுப் பூட்டிடுவோம். உன் உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்லணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம்.”

அவள் பீரோவைப் பார்த்தாள். பிறகு என்னை.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க?”

தெரியாது என்றேன். விலாசத்தைத் தேடிப் போனேன், வீடு பூட்டியிருந்தது, காலி செய்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள் என்றேன்.

“எத்தன தடவ போனீங்க?”

“ஒரு தடவ.”

அவள் எத்தனை முறை தேய்த்தாலும் நிமிராத மடிப்பைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தோழியிடம் திரும்பினாள்.

“நீ கொஞ்சம் வெளிய இருடி.”

“எனக்குத் தெரியாததா என்ன?”

“இருன்னா.”

குள்ளச்சி போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். இஸ்திரிக்காரி உட்கார்ந்து காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தழும்புக் கையை அணை போட்டு மறைத்துக்கொண்டு எழுதினாள். அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அவள் பேனா அதைத் தாண்டி ஓரத்துக்குப் போனது, ஓரம் முடிந்து காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் போனது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

பீரோவின் அடித்தட்டில் பாத்திரம் கழுவினவளின் காகிதம் இருக்கிறது. ‘தானாக விலகினார்’ என்று எழுதிக் கணக்கை முடிக்கச் சொல்லி மேனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் முடிக்கவில்லை. பதினோராவது கட்டம் அப்படியே காலியாக இருக்கிறது. அவளுக்கு நான் ஒரு கேள்வி பாக்கி.