ஒரு வீட்டுக்கு ஒரு கான்

சனசமூக நிலைய முற்றத்தில், கடைசி வரிசைக் கதிரையில், சறோஜினிதேவி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பேச்சைக் கேட்க அவள் வரவில்லை. பேச்சுக்குள் எங்கே ஊசி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தாள்.

மேடையில் நின்றவள் ஞானசவுந்தரி. அல்லைப்பிட்டியிலிருந்து வேலணைக்கு மீன் கொண்டுவந்து விற்கிறவள். பிரதேச சபைத் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அவளை நிறுத்தியிருந்தார்கள். அவளிடம் எத்தனையோ வருடமாக மீன் வாங்கும் சறோஜினிதேவி, ஒருநாளும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மீனுக்கே அப்படியென்றால் பேச்சை மட்டும் பார்க்காமல் வாங்குவாளா?

விசயம் கிணறுதான். கோடை பிறந்தால் ஊரில் பாதிக் கிணறு உவர்த்துப்போகும். சறோஜினிதேவியின் கிணறு மட்டும் கோடை முழுக்க நல்ல தண்ணீர் தரும். அதை நம்பித்தான் அவளுடைய வெங்காயத் தோட்டம். கோடையில் கரைப்பக்கத்து மீனவப் பெண்கள் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்களோடு வருவார்கள். அவள் இல்லையென்று சொன்னதில்லை. படலைக்கு உள்ளே விட்டதும் இல்லை. அவர்கள் வெளியே நிற்க, இவள் அள்ளிவந்து ஊற்றுவாள். ஏன் அப்படி என்று எவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கேட்பது? இப்போது ஊரில் ஒரு கதை உலாவியது. ஞானசவுந்தரி சபைக்குப் போனால் பவுசரை, அந்தத் தண்ணீர் லொறியை, கொண்டுவந்து அந்தக் கிணற்றுக்குள் குழாயை விட்டு உறிஞ்சுவாளாம்.

"எனக்குப் பெரிசாப் பேசத் தெரியாது," என்று ஞானசவுந்தரி தொடங்கினாள். "கடலுக்குப் போறவையும் தோட்டம் செய்யிறவையும் ஒரே தண்ணியைத்தான் குடிக்கிறம். அந்தத் தண்ணியை எங்களுக்குத் தந்த சறோ அக்கா பின்னாலை இருக்கிறா. அவவின்ரை கிணறு உவர்த்தா எங்கடை குசினி அடுப்பும் அணைஞ்சு போகும். அதாலை என்ரை சனத்தைத்தான் கேக்கிறன். இந்தக் கோடைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கான். மேலை ஒருத்தரும் கேக்கக்கூடாது. ஒராளை மதிக்கிறதெண்டா அவையின்ரை கிணத்தையும் மதிக்க வேணும். நாங்கள் முதல்லை மதிப்பம். எங்களையும் மதிக்கிற நாள் வரும். அதை நான் கேட்டு வாங்க மாட்டன்."

கைதட்டல் எழுந்தது. கரையார் தட்டினார்கள், தோட்டக்காரர் தட்டினார்கள். சறோஜினிதேவியின் கணவன் வல்லிபுரம் எழும்பி நின்றே தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பொரிந்து தள்ளினாள். "தட்டினது காணும். இத்தினை சனத்துக்கு முன்னாலை என்ரை பேரைச் சொல்லிப் புகழ்ந்தவள் ஏனெண்டு விளங்கேல்லையோ? நாளைக்குப் பவுசர் வந்தா நான் இல்லையெண்டு சொல்ல ஏலாது."

"அவள் ஒண்டும் கேக்கேல்லையே."

"அதுதான் எனக்குப் பயம்," என்றாள் சறோஜினிதேவி.

ஞானசவுந்தரி வென்றாள். சறோஜினிதேவி உடனே இரண்டு பெரிய தண்ணீர்த் தாங்கிகளை வாங்கி வீட்டுக்குப் பின்னால் இறக்குவித்தாள். பவுசர் வருமுன் தண்ணீரைத் தன் பக்கம் எடுத்துவிட வேண்டும். அதுதான் அவளுடைய கணக்கு. விடிந்தால் மோட்டர், பொழுதுபட்டாலும் மோட்டர். தாங்கி நிறைந்ததும் தோட்டத்துக்குப் பாய்ச்சினாள். வெங்காயம் கேட்டதோ இல்லையோ பாய்ச்சினாள். வல்லிபுரம் கிணற்றை எட்டிப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார்.

கரைப்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கான். முன்னே நாலைந்து கொண்டுவந்து ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டியவர்கள், இப்போது வரிசையாக நின்று, ஊற்றியதை வாங்கி, "வாறம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அடக்கத்தை அவள் நம்பவில்லை. கூடக் கேட்டுச் சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பாள்.

பவுசர் வரவேயில்லை. வந்தது உவர்.

முதலில் தேத்தண்ணி ருசி மாறியது. பிறகு வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது. ஒரு காலை அவள் வாளியில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். அப்பன் காலத்திலிருந்து உவர்க்காத கிணறு. தாங்கிகளில் இருந்ததும் அதே தண்ணீர்தான்.

நேரே படலைக்குப் போனாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"கிணத்துக்குள்ளை கடல்தண்ணியை ஊத்தினது ஆர்?" என்றாள்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெறுங் கான்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

வல்லிபுரம் பின்னால் நின்றிருந்தார். "அவையை ஒருநாளும் கிணத்தடிக்கு விட்டதில்லையே. பிறகெப்பிடி ஊத்துறது?" என்றார். "மேலை கிடந்த நல்ல தண்ணியை மோட்டர் இழுத்திட்டுது. கீழை கிடந்த உப்பு மேலை வந்திட்டுது. உமக்குத் தெரியாததே?"

தெரியும். வேலணைத் தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்தாள் என்பதுதான் அவளைச் சுட்டது.

அடுத்தநாள் ஞானசவுந்தரி வந்தாள். மீன்பெட்டி கட்டிய சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, ஒரு கானைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தே சறோஜினிதேவி முன்னால் போனாள்.

"அக்கா, ஒரு குடம் கொண்டு வாங்கோ. ஊத்திவிடுறன்."

"என்ன தண்ணி உது?"

"நேற்று எங்கடை பக்கம் சபையின்ரை பவுசர் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கான் எண்டு பிரிச்சனாங்கள். உங்கடையும் வீடுதானே."

"நான் சொன்ன சொல்லுக்கு உன்ரை சனம் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"ஏன் கதைக்காமல்? வாயாலை கிழிச்சவை. அண்டைக்கு என்ரை பேச்சுக்குக் கைதட்டினது நீங்கள்தானே எண்டு அவையைக் கேட்டன். பிறகு அவையே நிரப்பித் தந்தவை."

சறோஜினிதேவி இதிலும் ஊசியைத் தேடினாள். கிடைக்கவில்லை. உள்ளே போய்க் குடத்தைக் கொண்டுவந்து படலைக்கு மேலால் நீட்டினாள். தண்ணீர் விழும்போது குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. படலையில் நின்று வாங்கினால் இப்படித்தான் கழுத்து வளையும் என்பது அவளுக்கு இவ்வளவு காலமும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

குடத்தை இறக்கி வைத்தாள். படலையின் கொளுக்கியைக் கழற்றி அகலத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாரும். இந்தத் தண்ணியிலை தேத்தண்ணி வைக்கிறன். குடிச்சிட்டுப் போம்."

ஞானசவுந்தரி அசையவில்லை. திறந்த படலையைப் பார்த்தாள். பிறகு சறோஜினிதேவியின் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஏனக்கா? என்ன விசயம்?" என்றாள்.

செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை அது. சறோஜினிதேவிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவளுக்குக் கோபம் வரவில்லை. பார்த்து முடிக்கட்டும் என்று, படலையைப் பிடித்தபடியே நின்றாள்.