நூற்று நாற்பது பட்டிகள்

1

“அம்மா, வோர் முடிஞ்சால் குட் நியூஸ்தானே? பிறகேன் அழுறீங்கள்?”

2009 மே 18, கனடாவின் ஸ்காபரோவில் எட்டு வயதுக் கோபிகா கேட்டது இது. தாய் தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் அறைக்கு இறங்கினாள். எனக்குப் பதில் தெரியாது. அதனால்தான் இந்தக் கதை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “போர் முடிந்த அன்று வானம்…” வேண்டாம். அன்று வானத்தை யார் பார்த்தார்கள்? எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால்.

இரண்டாவது: “தெய்வநாயகியின் தையல் அறைக்கு அன்று எல்.இ.டி. விளக்குப் பூட்ட ஆள் வந்தான்.” இது இருக்கட்டும்.

வந்தவன் எலக்ட்ரீஷியன் இக்னேசியஸ். வாசலிலேயே தயங்கினான்.

“அக்கா, இண்டைக்கு வேண்டாம். இன்னொரு நாள் வாறன்.”

“வந்தனீங்கள்தானே தம்பி, பூட்டுங்கோ. தைச்சதையெல்லாம் புதனுக்குள்ள வெளிச்சத்தில சரிபார்க்கவேணும்.”

புதன்கிழமை கோயில் மண்டபத்தில், போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. கையில் கட்டக் கறுப்புப் பட்டிகள், நூற்று நாற்பது. அவளின் கூடப்பிறந்த தம்பி கிருஷாந் இலங்கையில், போர் நடந்த வன்னியில்; பத்து நாளாகப் போன் இல்லை. ஒவ்வொரு பட்டிக்கும் ‘இது அவனுக்காக இருக்கக் கூடாது’ என்று பிள்ளையாரைக் கேட்டபடிதான் தைத்திருந்தாள்.

3

நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் இருந்த தையல் அறையில் பழைய ரியூப் லைட் மஞ்சளாக முனகிக்கொண்டிருந்தது. இக்னேசியஸ் பிரேக்கரை அணைத்தான். தொலைக்காட்சியும் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக வீட்டில் சத்தமில்லை.

அப்போது வெளியே படபடவென்று வெடித்தது. அவள் மேசையைப் பற்றிக்கொண்டாள்.

“விக்டோரியா நாள், அக்கா. இங்கத்தைக் கொண்டாட்டம். பெடியள் வாணம் விடுறாங்கள்.”

“இண்டைக்கோ?”

அவன் ஏணியில் ஏறி வேலையை முடித்து, பிரேக்கரைத் திரும்பப் போட்டான். புது விளக்கு எரிந்தது. பகல் போல வெள்ளை வெளிச்சம். அவள் ஒரு பட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

“தம்பி, உது கறுப்பில்லை.”

“என்னக்கா?”

“நீலம். கருநீலம். நூற்றிநாப்பதும்!” முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது. “செத்ததுகளுக்கு ஒரு கறுப்புத் துண்டுகூடச் சரியாத் தைக்கேலாமப் போச்சே!”

[இங்கே ஆறுதல் வசனம் ஒன்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.]

எல்லாவற்றையும் ஒரு பைக்குள் திணித்து அவனிடம் நீட்டினாள். “போகேக்க குப்பையில போட்டுவிடுங்கோ.”

4

முடிவு ஒன்று: கிருஷாந்தின் போன் வருகிறது. எழுத ஆசைதான், உரிமை இல்லை. முடிவு இரண்டு: வரவில்லை. எழுதக் கை மறுக்கிறது. இரண்டில் ஒன்றை வாசகரே தெரிவுசெய்யுங்கள், கொஞ்சம் இரக்கத்தோடு.

எனக்குத் தெரிந்தது வேறொன்று. அதை ஒருவரும் பார்க்கவில்லை. (பார்க்காததை எழுதலாமா? கடவுள் பார்த்திருப்பார் என்ற துணிவில் எழுதுகிறேன்.)

இக்னேசியஸ் கனடாவுக்கு வந்த புதிதில், முதல் வேலைக்குப் போட்டுப்போன காற்சட்டை ஒரு சாண் கூடுதல் நீளம். அதை மடித்துத் தைத்துக் கொடுத்தவள் தெய்வநாயகி. அவள் மறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, டோர்செட் பார்க்கில் அவனுடைய அடுக்குமாடி வீடு. மனைவி வேலைக்குப் போன பிறகு, குளியல் தொட்டியில் சுடுதண்ணீர், உப்பு, கறுப்புச் சாயம். ஒவ்வொரு பட்டியாகப் பிழிந்தான். குளியலறை விளக்கை நம்பாமல் பல்கனிக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தான். நீலம் தெரிந்தவற்றைத் திரும்பவும் அமிழ்த்தினான்.

புதன் காலை அவள் வாசற்படியில் பையை வைத்தான். மணியை அடிக்கவில்லை.